ஆறு பால்புதுமை நாவல்கள், மூன்று வாசகர்கள்: எதைச் சேர்ந்து படிப்பது?

முன்குறிப்பு: தற்கொலை, பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை, திருநர் வெறுப்பு ஆகியவை இந்தக் கட்டுரையில் பேசப்படுகின்றன. எதையும் விவரமாக எழுதவில்லை. செமெட்ரி பாய்ஸ் நாவலின் முடிவை மட்டும் சொல்லியிருக்கிறேன். தெரிய வேண்டாம் என்றால் அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ நாவலின் பிற்பகுதியையும் கொஞ்சம் தொட்டிருக்கிறேன்.

மூன்று பேர் சேர்ந்து நாவல் படிக்கிறோம்: நான், ஓர் அக்கா, ஒரு தம்பி. ரத்த உறவு எதுவும் இல்லை, புத்தகம் கொண்டுவந்து சேர்த்த உறவுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு நாவல். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முறைவைத்து மாறும். இந்தத் தடவை என் முறை.

கொஞ்சம் பயத்தோடுதான் ஏற்றுக்கொண்டேன். போன தடவை என் முறை வந்தபோது அட்டையைப் பார்த்து, பின்னட்டையின் நாலு வரியைப் படித்து, இனிமையான காதல் கதை என்று நம்பி ஒரு நாவலைக் கொடுத்துவிட்டேன். முக்கால்வாசி தாண்டியதும் அதில் ஒருவன் தற்கொலை செய்துகொள்கிறான். அக்காவின் அண்ணன் அப்படித்தான் போனார், அதற்கு ஒரு வருடம் முன்னால். அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் இருந்ததுதான் தெரியாது. அந்த நாவலின் பெயர் வேண்டாம். தப்பு அதனுடையது அல்ல.

அக்கா சண்டை எதுவும் போடவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒன்று மட்டும் சொன்னார்: "சாவே இல்லாத புத்தகமா பாத்துக் குடுன்னு கேக்கல. எந்த இடத்துல இருக்குன்னு சொல்லிட்டா போதும். இருட்டுல படி இருக்குன்னு தெரிஞ்சா காலைப் பாத்து வைப்பேன்ல."

தம்பியின் நிபந்தனை வேறு. கல்லூரி மாணவன். ஆண்களிடம் ஈர்ப்பு உள்ளவன் என்பதை எங்கள் இருவரிடமும் சொல்லியிருக்கிறான், வீட்டில் சொல்லவில்லை. "என்னை மாதிரி ஒருத்தன் கடைசில செத்துப்போற கதை நிறையப் படிச்சாச்சு. அதுக்காக எல்லாரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருக்கற கதையும் வேணாம், பல்லு கூசுது" என்றான். மனதைப் புண்படுத்தக்கூடியவை கதையில் என்னென்ன வருகின்றன என்று முன்கூட்டியே சொல்லும் உள்ளடக்க எச்சரிக்கைகளின் மீதும் அவனுக்குப் பெரிய மரியாதை கிடையாது. அதெல்லாம் அக்காவுக்கு, தனக்குத் தேவையில்லை என்பான்.

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வாக்கியங்கள் நன்றாக இருக்க வேண்டும். நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட மோசமான உரைநடையை இரண்டு மாதம் சுமக்க என்னால் முடியாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 2020, 2021 ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்த ஆறு பால்புதுமை (குயர்) நாவல்களை, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரின் கதைகளை, எடுத்தேன். பெக்கி சேம்பர்ஸின் ஏ சாம் ஃபார் தி வைல்ட்-பில்ட், டி.ஜே. க்ளூனின் தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ, மலிண்டா லோவின் லாஸ்ட் நைட் அட் தி டெலிகிராஃப் கிளப், எய்டன் தாமஸின் செமெட்ரி பாய்ஸ், அக்வேக்கே எமெசியின் தி டெத் ஆஃப் விவேக் ஓஜி, ரைக்கா அயோகியின் லைட் ஃப்ரம் அன்காமன் ஸ்டார்ஸ். ஆறையும் நான் முன்பே படித்திருந்தேன். இப்போது வேறு கண்ணோடு புரட்ட வேண்டியிருந்தது.

முதலில் செய்தது முட்டாள்தனமான ஒரு வேலை. எச்சரிக்கைகளை எண்ணினேன். ஸ்டோரிகிராஃப் தளத்தில் வாசகர்களே ஒவ்வொரு புத்தகத்துக்கும் எச்சரிக்கை போடலாம். வெளிப்படையாக வருகிறதா, மிதமாகவா, லேசாகவா என்று மூன்று தரமும் பிரித்துக் காட்டலாம். அதைப் பார்த்துத் தாளில் ஆறு கட்டம் போட்டு நிரப்பினேன். அயோகியின் கட்டம் நிரம்பி வழிந்து பின்பக்கத்துக்குப் போனது. சேம்பர்ஸின் கட்டம் கிட்டத்தட்ட காலி. அந்தத் தாளை மட்டும் நம்பியிருந்தால் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்: காலிக் கட்டத்தை எடு, போ.

ஆனால் நான் படித்த அனுபவம் அந்த வரிசையில் இல்லை. பட்டியல் நீளமாக உள்ள புத்தகம் என்னைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. பட்டியல் குட்டையாக உள்ள ஒன்று எரிச்சலூட்டியது. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லிவிடுகிறது. எவ்வளவு நேரம் இருக்கிறது, யார் கண் வழியாகப் பார்க்கிறோம், நடந்த பிறகு கதை அந்த ஆளோடு உட்காருகிறதா அல்லது அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறதா என்பதெல்லாம் அதில் வராது. அக்கா கேட்டது இவற்றைத்தான்.

பட்டியல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில வாசகர்கள் தன்பாலீர்ப்பையே எச்சரிக்கையாகப் போட்டுவைக்கிறார்கள். அன்பு காட்டுவதையும் அடிப்பதையும் ஒரே வரிசையில் எழுதினால் அந்தப் பட்டியலை என்ன செய்வது? இது வாசகர்களின் தவறு மட்டுமல்ல. 2009 ஏப்ரலில் அமேசான் தளத்தில் தன்பாலீர்ப்பு, திருநர் சார்ந்த புத்தகங்கள் ஏராளமாக 'வயது வந்தோருக்கானவை' என்ற கணக்கில் விற்பனைத் தரவரிசையிலிருந்து காணாமல் போயின. பெரும் எதிர்ப்பு கிளம்பியதும், வகைப்படுத்தலில் நேர்ந்த பிழை, மொத்தம் 57,310 புத்தகங்கள் பாதிக்கப்பட்டன என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. எச்சரிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் பால்புதுமையர் பலர் முகம் சுளிப்பதற்கு இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது.

தம்பி முகம் சுளித்தது வேறு காரணத்துக்காக. "எச்சரிக்கை வேலையே செய்யாதுன்னு ஆராய்ச்சி இருக்கு" என்றான். இருக்கத்தான் செய்கிறது. பிரிட்ஜ்லண்ட், ஜோன்ஸ், பெல்லட் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை 2023இல் வெளியானது. எச்சரிக்கை கொடுத்தாலும் பார்க்கும்போது வரும் வேதனை குறைவதில்லை, முன்கூட்டிய பதற்றம்தான் கொஞ்சம் ஏறுகிறது, எச்சரிக்கையைப் பார்த்து ஆட்கள் விலகிப்போவதும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அதன் சாரம். அக்காவிடம் சொன்னேன். "வலி குறையும்னு யாரு சொன்னா? எனக்குத் தெரியாம நடக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். ஆய்வு அளந்தது ஒன்று, அக்கா கேட்டது இன்னொன்று. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எச்சரிக்கை போடும் இந்த வழக்கம் வளர்ந்த இடங்களில் முக்கியமானது ரசிகர் புனைவு, அதாவது பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைகள். ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுக் களஞ்சியம் 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே கதை போடுகிறவர் கட்டாயம் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள் நான்கே: விரிவான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வன்புணர்வு, வயதுக்கு வராதவர்களோடு உடலுறவு. இவை எதுவும் பொருந்தாது என்றும் சொல்லலாம். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு தேர்வு: 'எச்சரிக்கை தர நான் விரும்பவில்லை.' அதுவே ஓர் எச்சரிக்கைதான். உள்ளே எதுவும் இருக்கலாம், உன் பொறுப்பில் வா என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அச்சுப் புத்தகங்களில் இந்த நேர்மையைக்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த நான்கில் 'முக்கியப் பாத்திரத்தின் மரணம்' இருப்பதைக் கவனிக்க வேண்டும். மற்றக் கதைகளில் மரணம் ஒரு திருப்பம். பால்புதுமைக் கதைகளில் அது ரொம்ப நாள் கட்டணமாக இருந்தது. 1952இல் மரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் ஸ்பிரிங் ஃபயர் நாவலை எழுதியபோது, இரு பெண்களின் காதல் சந்தோஷமாக முடியக் கூடாது, முடிந்தால் தபால் துறைத் தணிக்கையில் மாட்டும் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒருத்திக்கு மனநிலை குலைய வேண்டும், இன்னொருத்தி தான் காதலிக்கவே இல்லை என்று உணர வேண்டும். அதே 1952இல் பாட்ரிசியா ஹைஸ்மித், அவரும் வேறு பெயரில்தான், இரண்டு பெண்களும் உயிரோடு, சேர்ந்தும் வாழக்கூடிய முடிவோடு தி ப்ரைஸ் ஆஃப் சால்ட் நாவலைக் கொண்டுவந்தார். (பிற்பாடு இந்த இரண்டு எழுத்தாளர்களும் கொஞ்சக் காலம் காதலர்களாக இருந்தார்கள். யாராவது கதையில் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.) இ.எம். ஃபார்ஸ்டர் 1913, 1914 வாக்கில் எழுதிய மாரிஸ், அவர் இறந்த பிறகு 1971இல்தான் அச்சேறியது. அதில் இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழப் போகிறார்கள். அந்த நல்ல முடிவே அச்சுக்குத் தடை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இது பழங்கதை என்றும் தள்ள முடியாது. 2016இல் தி 100 என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், பெண்ணைக் காதலித்த லெக்ஸா என்ற பாத்திரம் சுடப்பட்டு இறந்தபோது ரசிகைகள் கொதித்ததற்குக் காரணம் இந்த நீண்ட கணக்குதான். தம்பிக்குப் பல் கூசுவதும், செத்துப்போகும் கதை அலுத்ததும் இரண்டும் இதே கணக்கின் மிச்சம் என்று எனக்குப் படுகிறது. கட்டணத்துக்கு எதிர்வினையாக அணைப்புக் கதைகள் வந்தன.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

காலிக் கட்டத்திலிருந்து தொடங்குகிறேன். ஏ சாம் ஃபார் தி வைல்ட்-பில்ட் 2021இல் வந்த குறுநாவல், 2022இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது பெற்றது. பாங்கா என்ற நிலவில், ஊர் ஊராக வண்டி ஓட்டிப் போய் மனம் களைத்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சைக் கேட்கும் துறவி டெக்ஸ். நல்ல வேலை, நல்ல பெயர், ஆனாலும் உள்ளே ஏதோ சரியில்லை. சில்வண்டுச் சத்தம் கேட்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் காட்டுக்குள் போகும்போது மாஸ்கேப் என்ற இயந்திரம் எதிரே வருகிறது. மனிதர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுப் போக அது வந்திருக்கிறது.

டெக்ஸ் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. ஆங்கிலத்தில் 'தே' (they) என்று எழுதியிருக்கிறார்கள். ஒருமையா பன்மையா என்று சில வாசகர்கள் தடுக்கி விழுவார்கள். எனக்குத் தடுக்கவே இல்லை. மனசுக்குள் 'அவர்' என்று படித்துக்கொண்டு போனேன், மரியாதையும் கிடைத்தது, பாலும் மறைந்தது. மாஸ்கேப் தன்னை 'இட்' என்றே சொல்லச் சொல்கிறது; தான் ஒரு பொருள் என்பதில் அதற்கு வெட்கமில்லை. உயர்திணை, அஃறிணை படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த உரையாடல் இரண்டு மடங்கு ருசிக்கும். 'அது' என்று சொல்லிக்கொண்டே அதை நேசிக்க நேர்கிறது.

எச்சரிக்கை என்று எழுதினால் வேலைச் சலிப்பு, வாழ்வுக்கு அர்த்தம் என்ன என்ற தவிப்பு, அவ்வளவுதான். இந்தத் தவிப்பை அக்காவுக்காகக் குறித்துவைத்தேன். தன் அண்ணனைப் பற்றி அவர் சொன்னவற்றில் 'எல்லாம் இருந்தும் எதுவோ இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்' என்ற வாக்கியம் உண்டு. டெக்ஸும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறார். காலிக் கட்டம் எல்லோருக்கும் காலி அல்ல. கதை டெக்ஸை மிக மென்மையாகத்தான் நடத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தம்பி பாதியில் தூங்கிவிடுவான். மூன்று பேரும் இரண்டு மாதம் பேச 160 பக்கம் பற்றாது என்பதும் உண்மை.

தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ நாவலை வேகமாகக் கடக்கிறேன். மந்திர சக்தியுள்ள குழந்தைகளைக் கண்காணிக்கும் அரசுத் துறையில் நாற்பது வயது லைனஸ் பேக்கர், கையில் விதிமுறைப் புத்தகம், வீட்டில் ஒரு பூனை. தீவில் உள்ள ஓர் இல்லத்தை ஆய்வு செய்யப் போகிறார். அங்கே ஆறு குழந்தைகள். ஒருவன் சாத்தானின் மகன், இன்னொருவன் பயந்தால் நாய்க்குட்டியாகிவிடுவான். இல்லத்தை நடத்தும் ஆர்தரோடு லைனஸுக்குக் காதல். சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும். எச்சரிக்கை: குழந்தைகள் முன்பு பட்ட அடிகள், ஆர்தரின் இளமைப் பருவம் பிற்பகுதியில் தெரியவரும்போது வரும் கொடுமை, லைனஸின் பருத்த உடலைப் பற்றி மற்றவர்களும் அவரே தன்னைப் பற்றியும் சொல்லும் வார்த்தைகள். இந்தக் கடைசி விஷயம் ஓயாமல் வருகிறது. எனக்கு எரிச்சலூட்டியது அதுதான்.

இன்னொன்றும் உண்டு. கனடாவில் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோன 'சிக்ஸ்டீஸ் ஸ்கூப்' பற்றிப் படித்ததும் இந்தக் கதைக்கு ஒரு தூண்டுதல் என்று க்ளூனே சொல்லியிருக்கிறார். அப்படியொரு துயரத்தை, கண்காணிக்க வந்த அதிகாரியின் இனிய காதல் கதையாக ஆக்கலாமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். இது தெரிந்த பிறகு முதல் வாசிப்பின் இனிப்பு எனக்குத் திரும்பவில்லை. எந்தத் தளத்தின் எச்சரிக்கைப் பட்டியலிலும் இதைப் போட இடமில்லை, ஏனென்றால் இது கதைக்கு வெளியே நிற்கிறது. தம்பி முதல் அத்தியாயம் படித்துவிட்டு "பல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்தான்.

லாஸ்ட் நைட் அட் தி டெலிகிராஃப் கிளப் கடைசிவரை போட்டியில் இருந்தது. 1954, சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுன். பதினேழு வயது லில்லி ஹூவுக்கு ராக்கெட் ஆய்வில் வேலை செய்ய ஆசை. வகுப்புத் தோழி கேத்லீனோடு, ஆண் வேடத்தில் பாடும் பெண்ணைப் பார்க்க ஓர் இரவு விடுதிக்குப் போகிறாள். அதே சமயம் கம்யூனிஸ்ட் வேட்டை நடக்கிறது. ஒருவரைக் காட்டிக்கொடுக்க மறுத்த அப்பாவின் குடியுரிமைத் தாள்களை அதிகாரிகள் பிடுங்கிவைத்திருக்கிறார்கள். சீனர்களைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 1882இல் வந்து 1943 வரை இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தாள்களின் கனம் புரியும். 2021இல் இளையோர் பிரிவில் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்ட் கிடைத்தது. கொடுத்தவர்கள் சரியாகத்தான் கொடுத்தார்கள். உரைநடை நிதானமானது. தெருவும் ஆடையும் பேச்சும் அந்தக் காலத்தில் ஊன்றி நிற்கின்றன.

எச்சரிக்கை: இனவெறி வசைகள், போலீஸ் சோதனை, உடலுறவு, குடும்பம் கைவிடுதல். அக்கா பட்டியலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். தயங்கியது தம்பி. "குடும்பம் கைவிடுதல்னா? அம்மா வர்ற சீன் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. மகள் சொல்வதை அம்மா காதிலேயே வாங்க மறுக்கும் காட்சி. நீளமில்லை, கத்தல் இல்லை. அதனாலேயே நெஞ்சில் நிற்கும். சொன்னேன். கொஞ்ச நேரம் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இது அடுத்த வருஷம் பாக்கலாமே" என்றான். எச்சரிக்கை தனக்குத் தேவையில்லை என்று சொன்ன அதே ஆள்தான். நான் எதுவும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

செமெட்ரி பாய்ஸ் பற்றி நான் நினைத்தது முழுக்கத் தப்பாகப் போனது. என் மனசில் முதலிடத்தில் இருந்த புத்தகம் அது. கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில், இறந்தவர்களின் ஆவிகளைப் பார்க்கவும் வழியனுப்பவும் தெரிந்த ஒரு சமூகம். பதினாறு வயது யாட்ரியல் திருநம்பி. ஆண்களுக்கான சடங்கை அவனுக்குச் செய்துவைக்கக் குடும்பம் தயங்குகிறது. தானே செய்துகொள்கிறான். கொலையான உறவினன் மிகேலின் ஆவியை அழைக்கப் போக, வந்து நிற்பது ஜூலியன் என்ற வாயாடிப் பையனின் ஆவி. போ என்றால் போக மாட்டேன் என்கிறது. அப்புறம் காதல். யாட்ரியல் துறந்த பழைய பெயரை நம்மிடம் சொல்லாமலே தாமஸ் கதையை நகர்த்துகிறார்; வேறு பாத்திரங்கள் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் காயப்படுத்தும்போதும் நமக்குக் கேட்பதில்லை. எச்சரிக்கையை எழுதும் முறையிலேயே கரைத்துவிடுவது என்றால் இதுதான். படித்தவுடன் நான் ரசித்த விஷயம் இது.

கதையின் இனிப்பு தம்பிக்குச் சரியான அளவு. எனக்கு வாக்கியங்கள் கொஞ்சம் பதின்பருவத்தனமாகப் பட்டன, பொறுத்துக்கொள்ளலாம். அக்காவுக்காக ஒரு முழுத் தாள் தயார் செய்தேன்: ரத்தம், பலிச் சடங்கு, கொலை, தவறான பாலில் அழைப்பது, பெற்றோர் நாடுகடத்தப்பட்ட ஒரு நண்பன். தற்கொலை மையத்தில் இல்லை. முடிவையும் சொல்லிவிட்டேன்: ஜூலியன் உயிரோடு மீள்கிறான், மிகேல் மீளவில்லை, ஆனால் இறந்தவர்களின் திருநாளில் குடும்பத்து ஆவிகள் இரண்டு நாளைக்கு வீட்டுக்கு வந்து போகும். நல்ல சேதி சொல்கிறோம் என்ற நினைப்பில்தான் சொன்னேன்.

அக்கா தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "கொலை, ரத்தம் எல்லாம் பரவால்ல. வருஷத்துக்கு ரெண்டு நாள் வந்துட்டுப் போவாங்கன்னு சொன்னியே, அதான் முடியாது. அந்த வீட்டுக்காரங்க மேல எனக்குப் பொறாமை வந்துரும்" என்றார்.

'இறந்தவர் திரும்ப வருகிறார்' என்பதை எந்தத் தளத்திலும் எச்சரிக்கையாகப் பார்த்ததில்லை. நான் தயாரித்த தாளிலும் அது ஆறுதல் பக்கத்தில்தான் இருந்தது. அவ்வளவு கவனமாகக் கட்டம் போட்டும், கேட்காமல் இருந்திருந்தால் இதையேதான் கொடுத்திருப்பேன். அதோடு செமெட்ரி பாய்ஸ் பட்டியலிலிருந்து போனது. நல்ல புத்தகம், வேறு யாராவது மூன்று பேருக்கு.

தி டெத் ஆஃப் விவேக் ஓஜி தலைப்பிலேயே எச்சரித்துவிடுகிறது. முதல் அத்தியாயம் ஒரே ஒரு வாக்கியம். அதிலும் மரணம் இருக்கிறது. தென்கிழக்கு நைஜீரியா. நைஜீரிய அப்பா சிக்கா, இந்திய அம்மா கவிதா, பாட்டி இறந்த நாளில் பிறந்த குழந்தை விவேக். ஒருநாள் கவிதா கதவைத் திறக்கிறாள், துணியில் சுற்றிய மகனின் உடல் வாசலில் கிடக்கிறது. கொண்டுவந்து போட்டது யார், எப்படி இறந்தான் என்று அவள் கேட்டுக்கொண்டே போகிறாள். அவன் தோழிகளுக்கும் உறவினன் ஒசிட்டாவுக்கும் தெரிந்த விவேக்கை அம்மாவுக்குத் தெரியாது. ஆறில் எனக்கு மிகப் பிடித்த உரைநடை இதுதான், சந்தேகமே இல்லை. இறந்தவனும் இடையிடையே பேசுகிறான். அவன் குரலில் புகார் இல்லை.

எச்சரிக்கைகள் கனமானவை: பேய் ஓட்டுகிறோம் என்று அடிப்பது, கும்பல் வன்முறை, நெருங்கிய உறவினர்களுக்கிடையே உடலுறவு, பிள்ளையை இழந்த தாயின் துக்கம் பக்கம் பக்கமாக. இங்கே மரணம் கட்டணமாக வரவில்லை. அதை முன்னாலேயே சொல்லிவிட்டதால், வாழ்ந்தபோது அவன் எவ்வளவு அழகாக இருந்தான் என்று பார்க்க மிச்சப் பக்கங்கள் முழுக்கக் கிடைக்கின்றன. இதை நான் வாதாடிப் பார்த்தேன். அக்கா, "தலைப்புலயே சொல்லிட்டாங்க, அந்த மரியாதை பிடிச்சிருக்கு. ஆனா இப்ப வேணாம்" என்றார். அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது.

மிஞ்சியது கட்டம் நிரம்பி வழிந்த புத்தகம். லைட் ஃப்ரம் அன்காமன் ஸ்டார்ஸ் 2021இல் வெளிவந்து அடுத்த ஆண்டு ஹ்யூகோ இறுதிப் பட்டியலுக்குப் போனது. ஷிசுகா சடோமி வயலின் ஆசிரியை. நரகத்தோடு ஒப்பந்தம் போட்டவர். தன் மாணவர்களில் ஏழு பேரின் ஆன்மாக்களைக் கொடுக்க வேண்டும், ஆறு கொடுத்தாயிற்று. ஏழாவதாக அவர் கண்ணில் படுவது காட்ரினா நுயென், அப்பாவின் அடியிலிருந்து ஒரு வயலினோடு ஓடிவந்த இளம் திருநங்கை. வீடியோ கேம் இசையை வாசித்து இணையத்தில் போடுகிறவள். இன்னொரு பக்கம், வேற்றுக்கிரகத்திலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்து டோனட் கடை நடத்தும் விண்கலத் தலைவி லான். சாத்தான், வேற்றுக்கிரகவாசி, வயலின் மூன்றும் ஒரே நாவலில் என்றதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எச்சரிக்கைகளை மறைக்காமல் எழுதுகிறேன். முன்பகுதியிலேயே அப்பாவின் வன்முறை, திருநர் வெறுப்பு வசைகள், பிழைப்புக்காகச் செய்யும் பாலியல் தொழில், பாலியல் வன்முறை எல்லாம் வந்துவிடுகின்றன. தற்கொலை எண்ணங்கள் பற்றிய பேச்சும் உண்டு. பட்டியலாகப் பார்த்தால் ஆறில் மிக மோசமானது இதுதான். ஆனால் அயோகி சின்னச் சின்னக் காட்சிகளாக எழுதுகிறார். ஓர் ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குச் சட்டென்று தாவுகிறார். கொடுமை நடக்கும் இடத்தில் கேமரா போல நின்று பார்ப்பதில்லை. நடந்த பிறகு காட்ரினாவுக்குச் சாப்பாடு, படுக்கை, பூட்டக்கூடிய கதவு, ஒரு பாடம். அவள் பயம் ஒரே இரவில் போய்விடுவதில்லை. யாராவது அன்பாகப் பேசினால் பதிலுக்கு என்ன கேட்பார்களோ என்று நூறு பக்கம் கழித்தும் கணக்குப் போடுகிறாள். அணைப்புக் கதைகளில் இந்தக் கணக்கு வராது. தம்பியின் பல்லுக்கு இது உதவும் என்று நினைத்தேன்.

வயலின் பற்றிய பக்கங்களுக்காகவே நான் திரும்பப் படித்திருக்கிறேன். பழுதான வயலினைச் சரிசெய்யும் லூசி மாத்தியாவின் பட்டறை வரும் இடங்களில் வாக்கியங்கள் மெதுவாகின்றன. மகன்களுக்கே தொழில் என்று நினைத்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். காட்ரினா வாசிக்கத் துணியும், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் தனி வயலின் சொனாட்டா 1944இல் எழுதப்பட்டது. எழுதியவர் சொந்த நாட்டை விட்டு வந்து, நோயோடு இருந்தார். வாசிக்கக் கரடுமுரடான, யாருக்கும் நல்லபிள்ளையாக நடக்காத இசை. ஒரு திருநங்கை நல்லபிள்ளையாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்கிற உலகத்தில் அவள் அதை எடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. குறையும் உண்டு: வேற்றுக்கிரகக் கிளைக்கதை சில இடங்களில் தொங்குகிறது, நாவல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க ஆசைப்படுகிறது.

அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாகப் பட்டது. இந்தத் தடவை பட்டியலைக் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டேன்: "எது வந்தா உங்களால முடியாது?" யோசித்துவிட்டு, "போனதுக்கு அப்புறம் வீட்ல மிச்சம் இருக்கிற சாமான்களைப் பத்தி விஸ்தாரமா எழுதியிருந்தா" என்றார். எந்தப் பட்டியலில் தேடுவது? திரும்ப உட்கார்ந்து அந்தக் கண்ணோடு புரட்டினேன். பழைய மாணவர்களின் நினைவு வரும் இடங்களில் சீட்டு வைத்தேன். தற்கொலைப் பேச்சு வரும் இடங்களில் வேறு நிறச் சீட்டு. பாலியல் வன்முறை வரும் காட்சியில், 'இங்கிருந்து இத்தனை பக்கம் தாண்டலாம், தெரிய வேண்டியது இது' என்று மூன்று வரி எழுதி ஒட்டினேன்.

ஆக, சேர்ந்து படிப்பது அயோகியின் நாவல். சேம்பர்ஸை அக்கா தனியாக எடுத்துக்கொண்டார், டெக்ஸ் பற்றிச் சொல்லித்தான் கொடுத்தேன். மலிண்டா லோ அடுத்த வருடத்துக்கு. க்ளூனை யாரும் கேட்கவில்லை.

விவேக் ஓஜியை தம்பி கேட்டான். தனியாகப் படிக்கிறேன் என்றான். வாதாடிய காலத்தில் அதிலும் நான் சீட்டுகள் வைத்திருந்தேன், ஏழெட்டு இருக்கும். "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஒவ்வொன்றாக உருவி என் கையில் கொடுத்தான். வீட்டுக்கு வந்து எண்ணினால் ஒன்று குறைந்தது. கவிதா கதவைத் திறக்கும் பக்கத்தில் 'அம்மா' என்று எழுதி வைத்திருந்த சீட்டு அது.